கைதட்டக் கூடாத பாட்டு

நெல்லித்தோப்பு,
3.2.2025

அன்புள்ள அமுதா,

தில்லிக் குளிரில் உன் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் என்று அம்மா உறுதியாக நம்புகிறாள். சுக்குப்பொடி பார்சல் வருகிறது.

நீ வேலை பார்க்கும் மரூவாத் தீவின் தூதரகம் நம் கடற்கரைச் சாலையில் கலை விழா நடத்துவதும், தமிழில் அறிவிக்க என்னைக் கூப்பிட்டதும் மகிழ்ச்சி. அந்தத் தீவில் பேசும் பிரெஞ்சை நான் படித்ததற்கு இப்படியாவது ஒரு பயன். ஒரு சந்தேகம் மட்டும். மூன்றாவது நிகழ்ச்சிக்கு 'வரவேற்புப் பாடல்' என்று போட்டிருக்கிறாய். வரிகளைப் படித்தேன். கடலில் போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இது ஒப்பாரி, அமுதா. தவறுதலாக வந்துவிட்டதா?

உன் செல்வி

புது தில்லி,
6.2.2025

செல்விக் கண்ணு,

தவறில்லை. இருப்பதிலேயே அழகான பாட்டு அதுதான். சாவுப் பாட்டு என்று சொல்லிவிட்டு யாரை விருந்துக்கு உட்காரவைப்பது?

வரைபடத்தில் கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய நாடு இது. படை இல்லை, எண்ணெய் இல்லை. ஆடிப் பாடினால்தான் பேரே தெரிகிறது. வரப்போகும் அதிகாரிக்குப் பிடித்துவிட்டால், தீவில் கடல் அரிப்பைத் தடுக்கும் சுவருக்கு இந்தியா கைகொடுக்கும். ஒரு ஊரே தப்பும். புத்தகத்தோடு உட்கார்ந்து முகம் சுளிப்பது சுலபம்டி. பேசாமல் 'வரவேற்பு' என்றே சொல்லிவிடு.

உன் அமுதா

நெல்லித்தோப்பு,
16.2.2025

அமுதா,

முன்வரிசையில் நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மேடைக்குப் பின்னால் பாடகி மரீ-தெரேஸ் பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள்: "கைதட்டக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கல்ல? தட்டினா செத்தவங்கள விரட்டுற மாதிரி." சொல்லியாகிவிட்டது என்றாயாம் நீ. அவள் தம்பி பேர் அந்தப் பாட்டில் இருக்கிறது. அதனால்தான் மைக்கில் உள்ளதைச் சொன்னேன்: இது இறந்தவர்களுக்கான பாட்டு, முடியும்வரை சாப்பிடாதீர்கள், கைதட்டாதீர்கள்.

யார் கேட்டார்கள்? நீ சொன்ன அந்த அதிகாரி இறாலை மென்றுகொண்டே எண்ணெய் விரலால் மேசையில் தாளம் போட்டார். "சாவுப் பாட்டே இப்புடின்னா கல்யாணப் பாட்டு எப்புடி இருக்கும்யா!" என்றார் பக்கத்தில் இருந்தவர். மேசையே சிரித்தது. அதிகாரியின் மனைவி மேடையேறி, இடுப்பை ஆட்டி செல்ஃபி எடுத்தாள். தம்பி பேர் வந்த இடத்தில் கைதட்டல். மரீ-தெரேஸ் பாட்டை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றாள். நீ ஓடிவந்து, பதிவுசெய்த பாட்டைப் போடச் சொன்னாய்.

ஏதாவது எழுது.

செல்வி

புது தில்லி,
3.3.2025

செல்வி,

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது! சுவர் வருகிறது. நீ மைக்கில் சொன்னதை யாரும் காதில் வாங்காதது என் நல்ல காலம். மரீ-தெரேஸை ஊருக்கு அனுப்பிவிட்டோம். சொன்னபடி கேட்கிற வேறொருத்தி கிடைத்திருக்கிறாள். ஏப்ரலில் சென்னையில் இதே நிகழ்ச்சி, நீயேதான் வரவேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு ஊர். அவ்வளவு மோசமா?

உன் அமுதா

நெல்லித்தோப்பு,
10.3.2025

மதிப்பிற்குரிய தூதரகப் பண்பாட்டு அலுவலர் அமுதவல்லி அவர்களுக்கு,

சுவர் வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். சென்னைக்கு வர இயலாது.

சில வருடங்களுக்கு முன் அரியாங்குப்பத்தில் ஒருவர் இறந்தபோது, ஒப்பாரியை வீடியோ எடுத்தவனின் போனைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள் அவர் மகள். "எங்கப்பாடா அது!" என்று கத்தினாள். அன்றைக்கு முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பெயரும் அமுதவல்லிதான். இத்தனை வருடமும் அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா அனுப்பிய சுக்குப்பொடி அவளுக்கானது. எங்காவது பார்த்தால் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
ம. செந்தமிழ்ச்செல்வி