வலப்பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

பிப். 3, திங்கள்

காலையில் பனி. விற்பனைக்கு நிற்கும் பதினோரு பழைய வண்டியின் கண்ணாடியும் துடைத்து முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. வரிசையாக நின்று மினுக்கிக்கொண்டிருந்தன. எனக்கே ஒன்று வாங்கலாம் போலிருந்தது. நல்ல மனநிலை. பத்தரை வரைதான்.

பத்தரைக்கு ரங்கராஜன் சார். சின்ன காஞ்சிபுரம், ரிடையர்டு பிசிக்ஸ் வாத்தியார். வெள்ளி நிறச் சின்ன வண்டியைப் போன வெள்ளிக்கிழமைதான் அவருக்கு டெலிவரி கொடுத்தேன். வாங்குவதற்கு முன் ஆறு தடவை வந்து பார்த்தவர். ஒரு தடவை டார்ச் லைட்டோடு.

"பாய், வண்டி உத்தமம். ஆனா ஒரு சத்தம் வர்றது."

"என்ன சத்தம் சார்?"

"டங்."

ஓட்டிப் பார்த்தேன். யார்டிலிருந்து இடது, இடது, இடது, இடது, திரும்ப யார்டு. எல்லா வண்டியையும் நான் ஓட்டிக் காட்டும் சுற்று இதுதான். ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டாம், சௌகரியம். சத்தமே இல்லை. மெக்கானிக் தேவராஜு வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல பாய். சாரு காதுலதான் எதுவோ ஆடிக்கினு இருக்குது."

பத்தடி தள்ளி நின்ற சாருக்கு அது கேட்டுவிட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது.

பிப். 4, செவ்வாய்

இன்றைக்குச் செய்ய வேண்டியவை:
ஏழு சீட் வண்டிக்கு இன்சூரன்ஸ்.
ஆர்.டி.ஓ. ஆபீஸ், இரண்டு பெயர் மாற்றம்.
வீட்டுக்காரி ரஹ்மத்துக்கு முட்டிவலித் தைலம். (மறந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம்.)

சார் மறுபடி. இன்று மடக்கு நாற்காலி, நோட்டு, பேனா சகிதம். வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சண்டை இல்லை, சத்தம் போடவில்லை. அதுதான் கொடுமை. கத்துகிற கஸ்டமரை எனக்குச் சமாளிக்கத் தெரியும். டீ சொல்லி, அவர் என்ன சொன்னாலும் "கரெக்ட்டு" என்று தலையாட்டினால் மூன்றாவது "கரெக்ட்டு"க்கு ஆள் அடங்கிவிடுவார். சார் வெளியில் டீ குடிப்பதில்லை.

பட்டுக்கடைக்காரர் ஒருவர் வந்து டிக்கியில் சேலைப் பெட்டி எத்தனை அடுக்கலாம் என்று முழம் போட்டுக்கொண்டிருந்தார். சார் எழுந்து போய் மிக மரியாதையாக: "நல்ல மனுஷர்கிட்ட வாங்கறேள். எல்லாம் நன்னா இருக்கும். என்ன, ஒரு சத்தம் மட்டும் வரும்." பட்டுக்கடைக்காரர் டிக்கியை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார்! என் வண்டில சத்தம்னு நீங்க காட்டிட்டா, வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன். போதுமா?"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தேதி, நேரம் போட்டு.

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் நான் சம்பாதித்தது "பாய் வண்டின்னா நம்பி எடுக்கலாம்" என்கிற அந்த ஒரு பேர்தான். சனிக்கிழமை முசரவாக்கத்துக் குடும்பம் ஏழு சீட் வண்டியைப் பார்க்க வருகிறது. சார் அன்றைக்கும் நாற்காலி போட்டால்?

தைலம் மறந்துவிட்டேன்.

பிப். 6, வியாழன்

வெயில். சாரின் நாற்காலி நிழலோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார். "பாய், வாங்கோ. டேட்டா ரெடி."

நோட்டில் கட்டம் கட்டமாக. இடம், வேகம், கியர், திருப்பம், சத்தம் உண்டா இல்லையா.

"இடப்பக்கம் திரும்பினா வரல்லை. வலப்பக்கம் திரும்பினா வர்றது. உங்க ரவுண்டுல வலப்பக்கமே கிடையாதே, பாத்தேளா? அப்புறம் நன்னா கவனிச்சுக் கேட்டேன். முதல்ல உருள்றது, அப்புறம்தான் இடிக்கறது. ஆக, உலோகம். வட்டம். டேஷ்போர்டுக்குப் பின்னால இடது பக்கத்துல இருக்கு."

வட்டம். உலோகம். என் ஒரு ரூபாய்!

இதை ரஹ்மத்தைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதலாம். அத்தாவின் வழக்கம் இது. வண்டி விற்றால், கொடுப்பதற்கு முன் ஒரு ரூபாயைப் பச்சைத் துணியில் முடிந்து, துஆ ஓதி, டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் ஒயரோடு சேர்த்துப் பட்டு நூலால் கட்டிவிடுவார். போகிறவர்கள் பத்திரமாகப் போய் வர வேண்டும், அவ்வளவுதான். "யாராண்டயும் சொல்லாத. சொன்னா வெளம்பரமா பூடும்" என்பார். நானும் பன்னிரண்டு வருடமாக விற்ற ஒவ்வொரு வண்டியிலும் வைத்திருக்கிறேன். வாங்கிய ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று? ராகு காலம் பத்தரைக்குப் பிறக்கிறது, அதற்குள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுத்தாக வேண்டும் என்று சார் பறந்தார். பத்து இருபத்தைந்து. நான் முடிச்சை உள்ளே போட்டேன். கட்டவில்லை. துணி அவிழ்ந்துவிட்டது.

சாரிடம், "நாளைக்கு வீட்டுக்கு வந்து பாக்கறேன் சார்," என்று மட்டும் சொன்னேன்.

பிப். 7, வெள்ளி

சார் வீடு. ஒன்பது மணி. கையில் ஸ்குரூ டிரைவர், முகத்தில் திருட்டுமுழி.

சாரின் மனைவி வேதவல்லி மாமி காபி கொண்டுவரப் போனார், சார் நோட்டை எடுக்கப் போனார். அந்த இரண்டு நிமிடத்தில் டப்பாவைக் கழற்றி, காசை எடுத்து, சட்டைப் பையில். துணியையும்தான். பயம் என்னவென்றால், பெருமாள் கோயிலில் பூஜை போட்ட வண்டி. அதற்குள் என் துஆ இருந்தது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? சத்தம் இல்லை என்று ஊரே கேட்கச் சவால் விட்டவன் நான். அது வேறு.

"ஒரு நட்டு சார். லூசா கெடந்துது."

"எங்கே, காட்டுங்கோ."

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

சாரின் முகம் வாடிவிட்டது. அதை எடை போட ஆசைப்பட்டிருப்பார் போல. மாமிதான், "பாவம், உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டோம். தப்பா எடுத்துக்காதேள்" என்று காபியை நீட்டினார். நல்ல காபி. பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஜும்ஆ தொழுகையில் பயான் உரை முழுக்கக் காதில் விழவில்லை. பையில் காசு கனத்தது.

பிப். 8, சனி

முசரவாக்கத்துக் குடும்பம் வந்துவிட்டது. ஏழு சீட் வண்டிக்கு ஒன்பது பேர். எல்லோரும் ஏறி, இறங்கி, இடம் மாறி ஏறி. ஒருவர் சீட்டை முகர்ந்து பார்த்தார். கொழுந்தியாள் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டாள். வாங்குகிற முடிவோடு வந்தவர்கள், பார்த்ததுமே தெரிந்தது.

அப்போது வெள்ளி வண்டி உள்ளே நுழைந்தது. சார், பக்கத்தில் மாமி. நாற்காலி இல்லை. நோட்டு மட்டும்.

"பாய், சத்தம் நின்னுடுத்து."

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் வாயெடுப்பதற்குள், "ஆனா காரணம் தப்பு. நட்டுக்கு ஆறு பக்கம். அது இப்படி உருளாது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அது நட்டு இல்லை."

ஒன்பது பேரும் வண்டியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவர் கேட்டேவிட்டார்: "இன்னா பாய், இன்னா சத்தம்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் ரெடியாக இருந்தது, வாஷர் என்று. வாஷர் வட்டம்தான். ஆனால் மாமி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், நேற்றுக் காபி கொடுத்த அதே முகத்தோடு. என்னால் முடியவில்லை. பையிலிருந்து காசை எடுத்து சார் கையில் வைத்தேன். அத்தா, துஆ, நூல், கட்டாமல் விட்டது, நேற்றைய பொய், எல்லாவற்றையும் சொன்னேன். "வண்டிய திருப்பிக் குடுக்கறதுன்னா குடுத்துடுங்க சார். சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று முடித்தேன். ஒன்பது பேர் முன்னால் என் காது சூடாக இருந்தது.

சார் காசைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு நோட்டையே தூக்கிக் காட்டினார்.

"வட்டம்னு சொன்னேனா இல்லையா! உலோகம்! இடது பக்கம்! மூணும் சரி!"

அந்தச் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எழுபது வயசு. பிடி இரும்பு.

மாமிக்குத்தான் கோபம். ஆனால் வேறு கோபம். "அதை ஏன் எடுத்தேள்? வேண்டிண்டு வெச்சதைப் போய் எடுப்பாளா? பெருமாள் பாத்துக்கறார், சரி. கூட இன்னொருத்தர் பாத்துண்டா வேண்டாம்னா சொல்லப் போறேன்? திரும்ப வையுங்கோ. இப்பவே."

தேவராஜு ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தான். நான் ஓதிக் கட்டினேன். பட்டு நூல் மூன்று சுற்று. சார் பக்கத்திலேயே நின்று முடிச்சை மேற்பார்வை. "இன்னொரு சுத்து போடுங்கோ. உராய்வு போறாது."

முசரவாக்கத்து அம்மா மெதுவாக வந்தார். "எங்க வண்டிலயும் அதுபோல ஒண்ணு கீதா பாய்?"

"டெலிவரி அன்னைக்கு வைப்பேன்மா."

"அப்ப நாங்க நிக்கும்போதே வச்சிக் குடு பாய். நாங்களும் பாக்கறோம்."

ஏழு சீட் வண்டி முடிந்தது. ஒன்பது பேரும் டீ குடித்தார்கள். சார் குடிக்கவில்லை, ஆனால் ஒன்பது பேருக்கும் மையவிலக்கு விசை சொல்லிக் கொடுத்தார்.

அத்தா, நான் சொல்லிவிட்டேன். மன்னிக்கணும். எனக்கு மனசு இவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ நாளாயிற்று.

தைலம் வாங்கிவிட்டேன்.

பிப். 10, திங்கள்

பனி குறைவு. காலையிலிருந்து நான்கு போன், எல்லாம் பழைய கஸ்டமர்கள். "பாய், நம்ம வண்டிலயும் வச்சிருக்கியா?" வச்சிருக்கேன், வச்சிருக்கேன். ஒருவர் மட்டும், "அதான் மூணு வருஷமா ஒரு சத்தம்..." என்று ஆரம்பித்தார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சாரையும்.

சார் மதியம் நாற்காலியோடு வந்தார், கூட மாமியும். இப்போது என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். மைலேஜ் விஷயத்தில் பிடிவாதம் பிடித்த ஒரு ஆளைப் பத்தே நிமிடத்தில் பலகையில் கணக்குப் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

கிளம்பும்போது மாமி என் ஸ்கூட்டரைப் பார்த்தார். பதினான்கு வருடப் பழசு.

"எல்லார் வண்டியிலயும் நீங்க வெக்கறேள். இதுல யார் வெச்சா?"

"யாரும் இல்ல மாமி."

உண்மையில் எனக்குத் தோன்றியதே இல்லை. மாமி மணிபர்ஸிலிருந்து ஒரு ரூபாயும் ஒரு துளசி இலையும் எடுத்து முன்பக்க டப்பாவில் போட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அரை நிமிடம் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் வேப்பிலை விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

வீடு வரை மூன்று ஸ்பீட் பிரேக்கர். டங். டங். டங்.

வாசலிலேயே ரஹ்மத்: "ஸ்கூட்டர்ல இன்னாங்க சத்தம்? தேவராஜு கையில காட்டக் கூடாதா?"

கட்ட வேண்டும். நூல் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவசரமில்லை.