கொழுந்தன் முறைக் கேலி

அன்பு மகன் ஆல்பினுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். புனேயில் உன்னையும் கர்த்தர் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அய்யாதுரை மேல் நான் கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரை மாவட்டப் புகார்க் குழு விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. விருதுநகர் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் நேற்றுப் போனில் சொன்னார்கள்.

இதைப் போனில் சொன்னபோது நீ, அய்யாதுரை சித்தப்பா விளையாட்டுக்குச் செய்திருப்பார், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்றாய். போனில் எல்லாம் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். அவன் உன் அப்பாவுக்குத் தம்பி முறை, எனக்குக் கொழுந்தன். அப்பா இருந்தபோது மதினி மதினி என்று கேலி பேசுவான், நானும் திருப்பிக் கொடுப்பேன், யாருக்கும் மனம் நோகாது. அப்பா இறந்தபிறகு, அச்சாபீஸில் காலண்டர் சீசனில், சூப்பர்வைசர் என்கிற உரிமையில் தாள் எடுத்துத் தருகிற சாக்கில் இடுப்பில் கை வைத்தான். தட்டிவிட்டேன். "கொழுந்தன் தொட்டா தேய்ஞ்சா போயிருவீக மதினி" என்றான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு குடோனுக்குத் தனியாக வரச் சொன்னான். போகவில்லை என்றதும் பைண்டிங்கிலிருந்து எடுத்துக் கழிவுத்தாள் அள்ளப் போட்டான். முறைக்காரன் கேலியை என்னவென்று புகார் செய்வது என்று நான் குழம்பிக் கிடந்தேன். பக்கத்து மேசை ரோஜாதான், "எக்கா, கேலின்னா நீங்க திருப்பிச் சொன்னா அவரும்ல சிரிக்கணும்? வேண்டாம்னதுக்கு வேலைய மாத்துறாரே, இது என்ன கேலி?" என்று கேட்டாள். பெண்களுக்கான உதவி எண் 181க்கு அவளே போன் போட்டுத் தந்தாள். எதிர்முனையில் பேசிய பெண் நான் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தாள். கம்பெனியில் குழு இல்லையென்றால் மாவட்டக் குழுவுக்கு நேரே எழுதலாம் என்று வழி சொன்னதும் அந்தப் பெண்தான்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் ரோஜாவைத் தவிர யாரும் என்னோடு உட்காருவதில்லை. "இந்த வயசுல இவுகள எவன் தொடப் போறான்" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். அதைத் தாங்கிக்கொள்கிறேன். நீ விளையாட்டு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலையை விடமாட்டேன். அவன் உன்னைச் சமாதானம் பேசச் சொல்லிக் கூப்பிடுவான், நடுவில் வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

புதன்கிழமை விசாரணை. பார்த்ததைச் சொல்லக்கூடியவள் ரோஜா ஒருத்திதான். அவள் மாமியார் போகக்கூடாது என்கிறாராம், அவள் "பாப்போம்க்கா" என்கிறாள். வருவாளா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் நீ ஒருமுறை போன் பண்ணு.

உன் அம்மா,
ஞானதீபம்