இல்லாத புரதத்துக்கு வந்த கோடு

சென்னை,
4.6.2024

அன்புள்ள சங்கர்,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. அதனாலதான் வீட்டு விலாசத்துக்கு எழுதறேன். அம்மா அப்பா சௌக்கியமா?

நம்ம லேப்ல அந்த ஆன்டிபாடி ஞாபகம் இருக்குதா? இதயத் தசையில பொட்டாசியம் சேனல் புரதம் இருந்தா அதுல போய் ஒட்டிக்கினு, பிலிம்ல கறுப்புக் கோடா காட்டுமே, அதுதான். அது கண்டதுலயும் ஒட்டுதுன்னு மூணு வருஷம் முன்னாலயே நீ சொன்ன. போன வாரம் அந்தப் புரதமே இல்லாத எலி வந்தது. அதோட இதயத்தை வெச்சுப் பார்த்தேன். அதே இடத்துல கோடு வந்தது, அதே கறுப்பா. நீ சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சிடு.

ஜூலியா


கச்சிராயபாளையம்,
11.6.2024

ஜூலியா,

அம்மா அப்பா நல்லா கீறாங்க. நான் நல்லா இல்ல.

இன்னா மன்னிப்பு? அன்னிக்கு கைடு லேப்ல எல்லாரையும் நிக்க வெச்சு உன்னைத்தானே கேட்டாரு. "எனக்கு ஒழுங்கா வருது சார், சங்கருக்குக் கை சுத்தமில்ல"ன்னு நீதானே சொன்ன. புரதம் இல்லாத எலியில ஒரு தடவை பாருங்கன்னு கெஞ்சினேன். எலியை வாங்கல, என்னைத்தான் லேப்லேர்ந்து வெளியே அனுப்பினாங்க. அந்தக் கோட்டை வெச்சே கட்டுரை போட்டு நீ டாக்டர் பட்டம் வாங்கிட்ட. நான் தினம் வெள்ளிமலைக்கு பஸ் ஏறி, ஸ்கூல்ல உப்புக் கரைசல் செஞ்சு காட்டிக்கினு இருக்கேன். என் கை சுத்தமாத்தான் இருக்குது.

நாலு பேர் முன்னால அடிச்சுட்டு, ஒட்டின கவருக்குள்ள மன்னிப்பு கேக்கறியா? எனக்கு எழுதி இன்னா பிரயோசனம்? உன் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு எழுது. முடியாதுன்னா இனிமே எனக்குத் தபால் போடாத.

சிவசங்கர்


மணலூர்பேட்டை,
2.7.2024

சங்கர்,

எழுதிட்டேன். பிலிமோட படத்தையும் வெச்சு, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறேன்னு எழுதிட்டேன். முதல்ல சொன்னது நீதான்னு உன் பேரையும் போட்டிருக்கேன். பட்டம் நிக்குமோ போகுமோ தெரியல.

போன வியாழக்கிழமை சார் எல்லாரையும் நிக்க வெச்சார். ஏஞ்சலினைக் கேட்டார். புதுசா சேர்ந்த பொண்ணு, என் மேஜையிலதான் வேலை கத்துக்கினா. தரையைப் பார்த்துக்கினே, "ஜூலியாக்காவுக்குக் கை சுத்தமில்ல சார்"னா. எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது, அறைஞ்சிருப்பேன். அப்பதான் நீ அன்னிக்கு நின்ன இடம் ஞாபகம் வந்தது. அதே இடத்துலதான் நான் நின்னுக்கினு இருந்தேன்.

பெட்டியைக் கட்டிக்கினு ஊருக்கு வந்துட்டேன். கிளம்பும்போது இந்த வீட்டு விலாசத்தை ஒரு சீட்டுல எழுதி அந்தப் பொண்ணு கையில கொடுத்தேன். எதுக்குக்கான்னு கேட்டா. வெச்சுக்கோ, என்னிக்காவது எழுதணும்னு இருக்கும்னேன்.

ஜூலியா