நீயே போட்டுக்கொண்ட பெயில்

நண்பா,

நேற்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கியதன் பலன், காலையிலிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் குழந்தை வைத்தியர் என்று பலகை. உள்ளே நானே குழந்தை. முதல் மடக்கு நாக்கில் பட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் குழந்தை வைத்தியம் பழகிக்கொண்டிருந்தோம். நம் பெரிய டாக்டருக்குப் பரீட்சை மார்க்கில் நம்பிக்கை கிடையாது. "உனக்கு இன்னா தெரியும்னு நான் கேக்கல. உன்ன தனியா வுட்டுட்டு நான் வீட்ல தூங்கலாமா, அத சொல்லு" என்பார். ஒவ்வொரு வேலையையும் அவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். கடைசி வேலை, பேதியாகும் குழந்தையின் தாய்க்கு இந்தக் கரைசலைச் சொல்லிக் கொடுப்பது. சோதனை தாய்க்கு, அவள் தப்பாகக் கரைத்தால் பெயில் நமக்கு.

உனக்கு அவர் கையெழுத்து அவசரம். கிடைத்தால் திண்டிவனத்தில் தனி டியூட்டி. உன் புது மனைவி அங்கேதான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நீ சனிக்கிழமையே தலை சீவி நிற்பதாக நர்ஸுகளிடையே ஒரு பேச்சு. பரப்பிய வாய் எது என்று கேட்காதே.

சோதனைக்கு உனக்கு வாய்த்த தாய் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புக் கொல்லையில் வேலை செய்பவள். மடியில், தேறிவரும் பெண் குழந்தை. நீ சொன்னபடியே கையைக் கழுவினாள், அளந்தாள், கரைத்தாள், ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். பெரிய டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். நான் மனதுக்குள் உன்னைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றியே விட்டேன். நீயோ அவளிடம் குனிந்து, "யம்மா, கொழந்த வாந்தி எடுத்தா இன்னா பண்ணுவ?" என்றாய்.

"நிறுத்திடுவேங்க," என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"அத நான் சொல்லித் தரல சார்," என்றாய் நீ.

பேனா மூடிக்கொண்டது. இன்னும் ஒரு மாதம் பழகு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீ அவளுக்குச் சொல்லி முடித்ததும், உன்னை வராண்டாவுக்கு இழுத்துப்போய்த் திட்டினேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று. "கையெழுத்து எனக்குடா. ஊட்டுக்குப் போறது அந்தக் கொழந்த," என்றாய்.

அந்த ஞாயிறு உன் மனைவியே டிபன் கேரியரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "எங்க ஊட்டுக்காரர பெயிலாக்கினது யாருங்க?" என்று என்னைக் கேட்டார். நான் உன்னைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கேரியரின் கொக்கியைத் திறந்தார். "அப்ப சோறு போடலாம்," என்றார்.

நீ கண்ணை மூடிய பிறகு, திட்டுவதற்கு ஆளில்லாமல் என் வாய் வேலையற்றுக் கிடக்கிறது. கையெழுத்துப் போடுகிறவன் இப்போது நான். காலம் அவ்வளவு கெட்டுவிட்டது. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு கட்டம் போட்டுத் தாள் தருகிறார்கள். பயிற்சிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பிசிறில்லாமல் செய்கிறார்கள். எதையாவது சொல்லாமல் விட்டாயா என்று மட்டும் கேட்பேன். இல்லை சார் என்பார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை யோசித்து, முகம் மாறி, தாயிடம் திரும்பி ஓடும். அது வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

கோட்டை விட்டவர்களையே இந்த ஆள் பாஸாக்குகிறார் என்று மற்றவர்களுக்குக் குறை. அவர்களுக்கு உன்னைத் தெரியாது.