கல்லுக்கு என் பெயர்

பாவெல்,

ஹிபினி மலையில் கிடைத்த அந்த ஊதாக் கல் உலகத்துக்கே புதிய கனிமம் என்று உறுதியாகிவிட்டதாம். சந்தோஷம். அதற்கு என் பெயரால் 'கர்பூஷினைட்' என்று வைக்க என் சம்மதம் கேட்டிருக்கிறாய். "அப்பாவுக்கு உன்மேல இன்னும் எவ்வளவு மரியாதை பாரும்மா, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடேன்" என்று நம் மகள் அழாத குறையாகக் கேட்கிறாள்.

அன்று மலையில் நம் ஆய்வு முகாமில் அதை முதலில் லென்ஸ் வைத்துப் பார்த்து உன்னைக் கூப்பிட்டவள் நான். "இதெல்லாம் பழைய சரக்கு, போய் சூப்பை இறக்கு" என்றாய். உன் கட்டுரையில் சூப்பும் இல்லை, நானும் இல்லை.

கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கர்பூஷின் உன் குடும்பப் பெயர்; கல்யாணத்தில்தான் அது என்மேல் ஒட்டியது. இத்தனை வருடம் கழித்து என் ஞாபகம் ஏன் வந்தது என்று புரிகிறது.

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. விவாகரத்து முடிந்த வாரமே நான் என் அப்பாவின் பெயருக்குத் திரும்பிவிட்டேன். அதனால் அந்தப் பெயரால் 'சூயேவைட்' என்று வை. மனமில்லையென்றால், காரணத்தை நம் மகளிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா