பம்பு என் பையில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

என் அறையிலிருக்கும் வெல்டரோடும் எலெக்ட்ரீஷியனோடும் சைக்கிளில் மலைக்குப் போய்வந்தேன். பயப்படாதே, விழவில்லை. இறக்கத்தைக் கண்டதும் தலைகால் புரியாமல் பறந்து, அடிவாரத்துக் கடையில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

வெகுநேரம் கழித்து, இருவரும் மழையில் நனைந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உச்சியிலேயே பஞ்சராம். ஒட்டுகிற சாமானும் பம்பும் என் பையில்! மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

வெல்டர் தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டான்.

என் பழைய போர்வையை அனுப்பு. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. பதில் போடும்போது என்னை நன்றாகத் திட்டி எழுதம்மா. இங்கே ஒருத்தரும் திட்டவில்லை.

உன் மகன்