துவைத்துப் போட்ட சேலை

மடியில் கிடக்கும் உன் ஊதாச் சேலையில் சோப்புத்தூள் மணக்கிறது. நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்திருந்த நம் மகள், அழுக்காய்க் கிடக்கிறதே என்று நேற்றுக் காலை அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். பார்த்ததும் ஓடிப்போய் உருவி மோந்து பார்த்தேன். அவளைக் கோபித்து என்ன செய்ய? விவரம் அவளுக்குத் தெரியாது.

நீ கண்ணை மூடிய மறுநாளே செவலைப் பசு பாலை அடக்கிக்கொண்டது. கன்றிலிருந்து உன் கை பட்டே வளர்ந்த மாடு, என்னைக் கண்டாலே உதைத்தது. கடைசியில் துவைக்காமல் கிடந்த உன் சேலையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மோந்து பார்த்துவிட்டுப் பாலை விட்டது. ஐந்து மாதமாக அந்தக் கோலத்தில்தான் கறக்கிறேன். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

சேலை துவைத்த அன்று சாயங்காலம் ஒரு சொட்டுப் பால் இல்லை. இன்று காலையும் இல்லை. மடி கல்லாய்க் கட்டிவிட்டது. பால் சொசைட்டிக்கு வெறும் கேனோடா போவது?

"இன்னும் எதுக்குப்பா இதைக் கட்டி அழுகுறீக? வித்துட்டு எங்களோட வந்துருங்க" என்றாள் மகள்.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. புண்ணாக்கு விலை ஏறுகிற வேகத்துக்குப் பால் விலை ஏறுவதில்லை. கண்மாய்க்கரையில் பச்சை என்று ஒரு புல் இல்லை. ஒரு கல்யாணம் காட்சிக்குப் போய் ஒருநாள் தங்க முடியாது. சரி என்றுவிட்டேன். கல்லலில் இருக்கும் மாட்டுத் தரகருக்குப் போன் போட்டுச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை.

தரகர் வருமுன் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கறக்கும்போது உன் வாய் ஓயவே ஓயாது. என்னிடம் பேசாததையெல்லாம் செவலையிடம்தான் பேசுவாய். மாட்டிடம் என்ன வம்பு என்று நான்கூடச் சடைத்துக்கொள்வேன். நீ சொல்வதையே மெல்லச் சொன்னேன்.

"பாருடி, இந்த மனுசனுக்குப் பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியாது. நாந்தேன் மூஞ்சியப் பாத்துச் சோறு போடணும். நான் இல்லாட்டி என்ன பண்ணுவாகளோ."

கடைசி வரி வந்ததும் அழுதுவிட்டேன். செவலை திரும்பிப் பார்த்தது. காம்பில் பால் இறங்கியது.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகளிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். உன் வாசம் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது நீ என்னைத் திட்டிய திட்டுதான். இரண்டு வேளையும் அதைச் சொல்லித்தான் இனிக் கறக்க வேண்டும்.

கறந்து முடித்ததும், "எனக்குப் பசிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன். செவலைதான் கேட்டது.